வாசகர் கேள்வி – பதில்: மூளையும் சிப்பும்

கேள்வி: ஏ.ஐ. எல்லாம் மனித மூளையைப் பார்த்துச் செய்தது என்று ரியூசன் சேர் சொல்கிறார். பிறகு எதற்கு "மூளையைப் போன்ற சிப்" என்று தனியாக ஒன்று?
– உயர்தர மாணவி, மாங்குளம்

பதில்: சேர் சொன்னது பாதி சரி, தங்கச்சி. 1943இல் மக்கலக், பிற்ஸ் என்ற இருவர் நரம்புக்கலத்தை ஒரு சின்னக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். அந்தக் கணக்கு வளர்ந்துதான் இன்றைய ஏ.ஐ. வந்தது, ஆனால் வளர்ந்த விதத்தில் மூளையை விட்டு எங்கேயோ போய்விட்டது. இப்போது நடப்பது எண் அட்டவணைகளைப் பெருக்கிக் கூட்டும் வேலை. நினைவகம் ஒரு பக்கம், கணிக்கும் பகுதி இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே எண்களைக் காவித் திரிவதிலேயே கரண்டில் பெரும் பங்கு போய்விடுகிறது.

நரம்புக்கலம் அப்படியில்லை. பெரும்பாலும் சும்மா இருக்கும், மற்றக் கலங்களிலிருந்து வருவது சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால்தான் ஒரு துடிப்பை அனுப்பும். இரவில் வயற்காவலுக்குப் பரணில் இருப்பவர் யானை வந்தால் மட்டும் வெடி கொளுத்துவாரே தவிர, நிமிடத்துக்கு ஒரு தரம் "யானை இல்லை, யானை இல்லை" என்று கத்திக்கொண்டிருக்க மாட்டார். சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ள மூளை ஏறக்குறைய 20 வோட்ஸில் ஓடுவதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

இதைச் சிலிக்கனில் செய்து பார்க்கலாம் என்று 1980களில் கிளம்பியவர் கலிபோர்னியாவின் பொறியியலாளர் கார்வர் மீட். 2014இல் ஐ.பி.எம். வெளியிட்ட ட்ரூநோர்த் சிப்பில் 10 லட்சம் செயற்கை நரம்புக்கலங்கள், செலவு 70 மில்லிவோட்ஸ் அளவுதான். 2024இல் இன்ரெல் இப்படிப் பல சிப்களைச் சேர்த்து, 115 கோடி கலங்களோடு ஹாலா பொயின்ற் என்ற கணினியைக் காட்டியது. இந்த எண்களைப் பார்த்து மலைக்காதீர்கள். எத்தனை கலம் என்பது ஒன்று, அவை எதைக் கற்றன என்பது வேறொன்று. துடிப்பு ஒன்று உண்டு அல்லது இல்லை என்பதால், ஏ.ஐ.யைப் பயிற்றும் வழக்கமான கணிதம் அதற்கு நேரடியாகப் பொருந்தாது, அந்தச் சிக்கலை இன்னும்தான் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்நேரமும் விழித்திருக்க வேண்டிய சின்னக் கமரா, ஒலிவாங்கி போன்றவற்றுக்குத்தான் இது முதலில் உதவும்.

கேள்வி: 2009இல் செல்லடியில் என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டு வயலுக்குப் போய்வருகிறார். ஆனால் இல்லாத கால்விரல்கள் இரவில் சுண்டிச் சுண்டி வலிக்கிறது என்கிறார். மூளையில் சிப் வைத்தால் சரிவருமா, எவ்வளவு முடியும்?
– புதுக்குடியிருப்பு

பதில்: அக்கா, அது உண்மையான வலி, யாராவது மனப்பிரமை என்று சொன்னால் கேட்காதீர்கள். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கென்று இருந்த இடம் போகவில்லை, வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் கண்டபடி சமிக்ஞை அனுப்பும்.

செய்தியில் வரும் சிப் இதற்கானதல்ல. 2012இல் வெளிவந்த பிரெயின்கேற் என்ற மூளைச் சிப் ஆய்வில், கைகால் அசைக்க முடியாத ஒரு பெண் நினைப்பாலேயே ரோபோக் கையை நகர்த்தித் தானே கோப்பி எடுத்துக் குடித்தார். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் தன் சிப்பை முதல் மனிதருக்கு வைத்தது. இரண்டுமே பரிசோதனை, கடையில் விலை கேட்டு வாங்கும் சாமான் இல்லை. காசு தந்தால் பூட்டித் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு மூளையிலிருந்து கால் மிச்சம் வரைக்கும் நரம்பு இருக்கிறது, மூளையைத் திறக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தின் ஹியூ ஹெர், 1982இல் மலையேறப் போய் இரண்டு கால்களையும் இழந்தவர். மிச்சக் காலில் எதிரெதிர்த் தசைகளை ஒன்றோடொன்று இணைக்கும் சத்திரசிகிச்சையை அவருடைய குழு செய்துவருகிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மூளை உணர்கிற மாதிரி. அது நம் பக்கம் வர நாளாகும்.

இப்போதே செய்யக்கூடியது கண்ணாடி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் காட்டிய வழி. இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, நடுவில் நீளக் கண்ணாடியை நிமிர்த்தி, நல்ல காலின் விம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். நல்ல காலின் விரல்களை மெதுவாக விரித்து மடக்கிக்கொண்டு விம்பத்தையே பார்க்க வேண்டும். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முன் வைத்தியரிடம் ஒருதரம் காட்டுங்கள், மிச்சக் காலில் நரம்புக் கட்டியும் இருக்கலாம், நரம்பு வலிக்கென்றே பனடோல் இல்லாத வேறு மருந்துகளும் இருக்கின்றன. உடம்பில் செல் துண்டு ஏதும் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்க முதல் கட்டாயம் சொல்லுங்கள், அதன் காந்தம் இரும்பை இழுக்கும்.

கேள்வி: மூளையை அப்படியே கணினியில் ஏற்றினால் சாகாமல் இருக்கலாமாமே?
– வவுனியா

பதில்: ஐயா, ஒரு புழு இருக்கிறது, 302 நரம்புக்கலங்கள்தான். அதன் இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது. அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று இன்றுவரை முழுதாகச் சொல்ல முடியவில்லை. 2013இல் ஜப்பானின் கே சூப்பர் கணினியில் 173 கோடி கலங்களின் ஒரு செக்கன் வேலையை உருவகிக்க 40 நிமிடம் பிடித்தது. காணி உறுதியைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதுவதைப் பிற்போட வேண்டாம்.

கேள்வி: பழைய லப்டொப், வேகமாகக் கணக்குப் போடும் ஜி.பி.யூ. சிப் இல்லை. நரம்புக்கலத்தை உருவகித்துப் பார்க்கலாமா?
– மாணவன், கிளிநொச்சி

பதில்: தாராளமாக, தம்பி. பிரையன், நியூரோன் இரண்டும் இலவச மென்பொருள்கள், பைதன் நிரல்மொழி தெரிந்தால் போதும். துடிப்பு எப்படி எழுகிறது என்று கணவாயின் நரம்பை வைத்து ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் எழுதிய நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளில் தொடங்குங்கள், 1963இல் நோபல் வாங்கிக் கொடுத்தவை. கலத்துக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 2 மைக்ரோஅம்பியர் மின்னோட்டம் கொடுத்தால் மின்னழுத்தம் சற்று அசைந்து அடங்கிவிடும், 10 கொடுத்தால் தொடர்ந்து துடிக்கும். அப்புறம் 200 கொடுத்துப் பாருங்கள், துடிப்பே நின்றுபோகும். கலத்தின் மென்சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் மூடியபடி மீளாமல் இருப்பதுதான் காரணம், வரைபில் அந்த வாயில்களுக்கான மாறியையும் சேர்த்துக் கீறினால் கண்ணாலேயே தெரியும். கணக்கு ஒவ்வொரு தரமும் எவ்வளவு நேரம் முன்னே நகரும் என்ற காலப்படியை மட்டும் 0.01 மில்லிசெக்கனில் வையுங்கள், பெரிதாக்கினால் விடை குழம்பும்.