முழங்கை மடிப்பில் சிரை என்று நினைத்து ஊசி குத்தியது தமனியாக இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. அபூர்வம்தான், ஆனால் அதில் மருந்து ஏறிவிட்டால் கையே போகலாம்.

வழக்கமாக, மேற்கைத் தமனி முழங்கை மடிப்பைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். அந்தத் தமனிக்கும் அதன் மேலே ஓடும் சிரைக்கும் நடுவில் இருதலைத் தசையின் (பைசெப்ஸ்) தட்டையான சவ்வு ஒரு தடுப்பாக இருக்கும். சிலருக்கு இந்தப் பிரிவு மேற்கையிலேயே, சில சமயம் அக்குள் அருகிலேயே நடந்துவிடும். அப்படிப் பிரிந்த கிளை சவ்வுக்கு மேலேறித் தோலுக்கு அடியிலேயே போனால், பார்வைக்கு அச்சு அசல் சிரைதான். சுண்டுவிரல் பக்கத் தமனியில் இதை அதிகம் கவனிக்க வேண்டும்.

டூர்னிக்கெட் (சிரை புடைக்கக் கையில் கட்டும் பட்டை) கட்டுவதற்கு முன்பே விரல் வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கிக் கட்டியபின் தடவினால் தமனித் துடிப்பும் அடங்கிவிடலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அல்ட்ராசவுண்ட் இருந்தால் இன்னும் சுலபம்: லேசாக அழுத்தினால் சிரை தட்டையாகும், தமனி துடிக்கும்.

கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக் குழாய்க்குள் செருகும் மெல்லிய குழாய்) போட்டபின் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் துடித்துத் துடித்து வந்தாலோ, டிரிப் குழாயில் ரத்தம் மேலேறினாலோ மருந்து ஏற்றாதீர்கள். ரத்த அழுத்தம் குறைந்தவரிடம் இந்த அடையாளங்கள் தெரியாமலும் போகலாம்.

மருந்து போகும்போதே விரல்வரை எரிச்சல், தோல் வெளுப்பு என்றால் உடனே நிறுத்துங்கள். அப்புறம் பதறிப்போய் கேனுலாவை உருவிவிட வேண்டாம். சிகிச்சை மருந்தை அதே வழியில் செலுத்த வேண்டிவரலாம். மூத்த மருத்துவரை அழையுங்கள்.