உம்மாட தாலாட்டு

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,

நான் நிந்தவூர். எங்கட உம்மாவுக்கு 72 வயசு. என்ட மூணு புள்ளைகளையும் ஏணையில போட்டு, கவி படிச்சி ஆட்டி ஆட்டி வளத்தது அவதான். போன மாசம் என்ட மூத்த மகளுக்கு புள்ள கிடைச்சிச்சி. உம்மா வழமபோல ஏணைக்குப் பக்கத்துல இருந்து ராகம் எடுக்க, மத்ரஸாவுல ஓதுற என்ட சின்ன மகன் "மூத்தம்மா பாடாதீங்க, இச ஹராம், நாளைக்கு காதுல ஈயத்த காய்ச்சி ஊத்துவாங்க" எண்டு சொல்லிட்டான். உம்மா அவன ஒண்டும் சொல்லல்ல. ஆனா அண்டையில இருந்து பாடுறல்ல. ரெண்டு தரம் என்னட்ட கேட்டுட்டா, "மகள், நான் இவ்வளவு காலமும் பாவமா செஞ்சன்?" எண்டு. மகன ஏசவும் ஏலாம இருக்கு, அவன் மார்க்கம்தானே சொல்றான். இசை ஹராமா ஹலாலா காக்கா?

நிந்தவூர் வாசகி

வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி,

உங்கட கடிதத்த வாசிச்சிட்டு ரெண்டு நாளா எனக்கு வேற வேல ஓடல்ல. நீங்க கேட்டது பெரிய கேள்வி, அதுக்கு பிறகு வாறன். முதல்ல உம்மா கேட்டதுக்குத்தான் பதில் வேணும், 72 வயசுல ஒரு மனுசி இத நினைச்சிக்கொண்டு படுக்கப் போறா எண்டா அது லேசான விஷயம் இல்ல.

நான் பத்வா, எண்டா மார்க்கத் தீர்ப்பு, குடுக்குற ஆள் இல்ல. ஓதின மௌலவிமாரோட உக்காந்து கிதாபு பார்த்து பழகினவன், அவ்வளவுதான். பார்த்ததுல ஒண்டு சொல்றன். நம்மட ஷாபிஈ மத்ஹபுல, எண்டா நாங்க பின்பற்றுற மார்க்கச் சட்ட வழியில, இப்னு ஹஜர் அல்ஹைதமி எண்டு ஒரு பெரிய இமாம் இருந்தாங்க, 16ஆம் நூற்றாண்டு. பாட்டுக்கும் இசைக்கருவிகளுக்கும் எதிராவே தனியா ஒரு கிதாபு எழுதினவங்க, இந்த விஷயத்துல அவங்களப் போல கடுமையா நிண்டவங்க கொஞ்சப் பேர்தான். அந்தக் கிதாபுலயே, அரபிகள் ஒட்டகத்த ஓட்டக்குள்ள பாடுறதயும் பொம்பளைகள் சின்னப் புள்ளைகள அமத்துறதுக்குப் பாடுறதயும் தனியா எடுத்து, கெட்ட பேச்சு கலக்காட்டி இது ஆகும், இதுல சந்தேகமே இல்ல எண்டு வச்சிட்டாங்க. உம்மாட்ட போய் இத சொல்லுங்க. இண்டைக்கே சொல்லுங்க.

ஈயம் எண்டு மகன் சொன்னானே. பாட்டுக்காரிட பாட்ட கேட்டா காதுல ஈயம் ஊத்துவாங்க எண்டு ஒரு ரிவாயத், எண்டா ஒரு அறிவிப்பு, சுத்தித் திரியுதுதான், ஆனா அது அடிப்படையே இல்லாதது எண்டு இமாம் அஹ்மத் தொட்டு இந்தக் காலத்து ஷெய்க் அல்பானி வரைக்கும் தள்ளி இருக்காங்க. ஈயம் ஊத்துற ஸஹீஹான, எண்டா ஆதாரம் பலமான, ஹதீஸ் புகாரி எண்ட ஹதீஸ் கிதாபுல இருக்கு, அது வேற ஆக்களுக்கு. தாங்க பேசுறத மத்தவன் கேக்குறது விருப்பமில்லாத ஆக்கள்ட பேச்ச ஒளிச்சி நிண்டு கேக்குறவனுக்கு. இத மகனுக்கு ஆறுதலா சொல்லிக் குடுங்க.

பிறகு வாயால பாடுறது. ஹிஜ்ரி 5ல மதீனாவக் காக்க அகழ் தோண்டக்குள்ள, பசியோட மண் சுமந்துகொண்டு, ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்களே அப்துல்லாஹ் இப்னு ரவாஹாட கவிய படிச்சாங்க, ஒவ்வொரு அடியும் முடியக்குள்ள கடைசிச் சொல்ல சத்தமா இழுத்தாங்க எண்டு புகாரியில இருக்கு. வேலைக்குள்ள பாடுற பாட்டு அது. வயல் வட்டைக்குள்ள காவல் பரணுக்கு மேல இருந்து நம்மட மூத்தவாப்பாமார் ராவெல்லாம் கவி படிச்சது எனக்கு உடனே ஞாபகம் வரும். அன்ஜஷா எண்ட ஸஹாபி ஒட்டகத்த விரட்ட பாடினாங்க, ஒட்டகத்துக்கு மேல பொம்பளைகள், பாட்டுக்கு ஒட்டகம் வேகமா போகுது. ரசூலுல்லாஹ் "மெதுவா அன்ஜஷா, கண்ணாடிப் பாத்திரங்கள கவனம்" எண்டாங்க, பொம்பளைகளத்தான் அப்படி சொன்னாங்க. பாட்ட நிப்பாட்ட சொல்லல்ல.

இப்ப நீங்க கேட்ட பெரிய கேள்வி. கருவிகள் விஷயத்துல நான் உங்களுக்கு பூசி மெழுகப் போறல்ல. நாலு மத்ஹபுலயும் பெரும்பான்மையான உலமாக்கள் நரம்பு வாத்தியத்தயும் ஊதுற வாத்தியத்தயும் ஆகாது எண்டுதான் சொல்லி இருக்காங்க. லுக்மான் சூறா 6ஆம் ஆயத்துல வாற வீண் பேச்சு எண்டது பாட்டுத்தான் எண்டு இப்னு மஸ்ஊத் ரழியல்லாஹு அன்ஹு விளக்கம் சொன்னாங்க. சிலர் விபச்சாரத்தயும் பட்டயும் மதுவயும் இசைக்கருவிகளயும் ஹலாலாக்குவாங்க எண்ட ஹதீஸ் புகாரியில இருக்கு. அந்த ஹதீஸ்ட அறிவிப்பாளர் தொடர் அறுந்தது எண்டு அந்தலூஸ்ல, எண்டா அந்தக் காலத்து முஸ்லிம் ஸ்பெயின்ல, இப்னு ஹஸ்ம் சொன்னாங்க, இல்ல முழுசா இருக்கு எண்டு இப்னு ஹஜர் அஸ்கலானி (மேல சொன்ன ஹைதமி இல்ல, வேற இமாம்) மறுப்பு எழுதினாங்க. இமாம் கஸ்ஸாலி இஹ்யா எண்ட அவங்கட கிதாபுல இதுக்கெண்டே ஒரு பகுதி எழுதி, என்ன பாட்டு, யார் பாடுறது, கேக்குறவன்ட மனசு எங்க போகுது எண்டு பிரிச்சிப் பிரிச்சி பார்த்தாங்க. நம்மட காலத்துல யூசுப் அல்கர்ளாவி நிபந்தனையோட ஆகும் எண்டாங்க. ஆயிரம் வருசமா ஓதின ஆக்களுக்குள்ளேயே நடக்குற பேச்சு இது.

மகன் ஓதுற மத்ரஸாவுல நாளைக்கு நவவி இமாம் எழுதின மின்ஹாஜ் எண்ட ஷாபிஈ சட்டக் கிதாபு ஓதுவான் இன்ஷா அல்லாஹ். அதுல ஆட்டிடையன் ஊதுற புல்லாங்குழல் ஆகும் எண்ட ராபிஈ இமாம்ட சொல்லயும், இல்ல ஹராம் எண்டதுதான் சரி எண்டு நவவி இமாம் அதுக்குக் கீழேயே எழுதினதயும் அவன் பக்கத்துல பக்கத்துல காணுவான். அதே இடத்துல கல்யாணத்துக்கும் சுன்னத்துக்கும் தஃப் எண்ட ஒரு பக்கத் தோல் மேளம் அடிக்கலாம், மத்ததுக்கும் ஆகும் எண்டுறதுதான் சரியான சொல், சலங்க கட்டி இருந்தாலும் சரி எண்டு இருக்கு. நோன்பு ராவுல ஸஹருக்கு எழுப்ப பாவா அடிச்சிக்கொண்டு போற றபான்ட சத்தத்துக்கு எழும்பி வளந்தவங்க நாங்க, அந்த றபான் இந்த தஃப்ட சொந்தக்காரன்தான். அத மொத்தமா ஷைத்தான்ட சத்தம் எண்டு சொல்றவங்க கொஞ்சம் அல்லாஹ்வ பயந்து சொல்லணும். நஹ்ல் சூறா 116ஆம் ஆயத்துல, நாக்குக்கு வந்தபடி இது ஹலால் இது ஹராம் எண்டு சொல்லாதீங்க எண்டு அல்லாஹ் சொல்றான்.

நான் இவ்வளவு சூடா எழுதுறதுக்கு காரணம் இருக்கு தங்கச்சி. எங்கட ஊர் அட்டாளைச்சேனை. உம்மா பன்பாய் இழைப்பா. சாயம் போட்ட பன்ன தொடைக்குப் பக்கத்துல வச்சிக்கொண்டு, ஏணைக் கயித்த கால் பெருவிரல்ல மாட்டி ஆட்டிக்கொண்டு, கை இழைக்கும் வாய் கவி படிக்கும். சிவப்புப் பன்னு போடுற இடம் வந்தா கவி கொஞ்சம் நிக்கும், எண்ணிப் போட்டுட்டு விட்ட இடத்துலருந்து மறுகா தொடங்குவா. எனக்கு 18 வயசுல, லீவுல அரபுக் கலாசாலையில இருந்து வந்து, உங்கட மகன் சொன்ன அதே சொல்ல நானும் சொன்னன். உம்மா "சரி மகன்" எண்டா. அவ்வளவுதான். பிறகு 20 வருசம் உசிரோட இருந்தா, பேரப்புள்ளைகள் வந்திச்சி, ஏணை கட்டினம், உம்மா சும்மா ஆட்டுவா. மௌத்தானதுக்குப் பிறகு அந்தக் கவிகள எழுதி வைப்பம் எண்டு இருந்து பார்த்தா எனக்கு முழுசா ஒண்டும் வரல்ல, ராத்தாக்கு ரெண்டு அடி ஞாபகம் இருந்திச்சி, அவவும் இப்ப இல்ல.

அதால மகன ஏசாதீங்க. அவன் மூத்தம்மாவ நரகத்துலருந்து காப்பாத்துறம் எண்டு நினைச்சித்தான் சொன்னான், நானும் அப்படித்தான் சொன்னன். உம்மாட கவிக்குள்ள அல்லாஹ் அல்லாத ஆக்கள்ட்ட உதவி தேடுற அடி எதும் வந்தா, அதத்தான் அவன் சொல்லலாம். ருபைய்யிஃ ரழியல்லாஹு அன்ஹாட கல்யாணத்துல சின்னப் புள்ளைகள் தஃப் அடிச்சிப் பாடக்குள்ள ஒரு புள்ள "எங்களுக்குள்ள நாளைக்கு நடக்குறத அறிஞ்ச நபி இருக்காங்க" எண்டு படிச்சிச்சி, ரசூலுல்லாஹ் அத விடுங்க, முதல் படிச்சதயே படிங்க எண்டாங்க. ஒரு அடிய மட்டும்தான் எடுத்தாங்க. மகன மூத்தம்மாக்குப் பக்கத்துல உக்கார வச்சி இந்த ஹதீஸ அவனையே வாசிக்க சொல்லுங்க, அவன்ட வாயால கேட்டாத்தான் உம்மாட மனசு ஆறும்.

உம்மா மறுகா படிக்கத் தொடங்கினா போன்ல ரெக்கோர்ட் பண்ணி வைங்க. ஆனா அவட்ட கேட்டுட்டு பண்ணுங்க, தெரியாம எடுக்க வேணாம்.