போர்டில் ஒரு பெண் இயக்குநர் வந்தால் நிலைத்தன்மை அறிக்கை மேம்படுமா?

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தில் நிலைத்தன்மை அறிக்கையை (சுற்றுச்சூழல், சமூக விஷயங்களில் நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லும் அறிக்கை) தொகுக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் இயக்குநர் குழுவில் எட்டுப் பேர். இந்த ஆண்டுதான் முதல் பெண் இயக்குநர் வந்திருக்கிறார். போர்டில் பன்முகத்தன்மை கூடியதால் அறிக்கையின் தரமும் கூடிவிட்டது என்று முன்னுரையில் எழுதச் சொல்கிறார் தலைவர். எழுதலாமா?"

எழுதாதீர்கள். இப்போதைக்கு அதற்கு ஆதாரம் எதுவும் உங்களிடம் இல்லை.

பெண்கள் அதிகமுள்ள போர்டுகள் சுற்றுச்சூழல், சமூகத் தகவல்களைக் கூடுதலாக வெளியிடுவதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் பெரிய நிறுவனங்களும் முதலீட்டாளர்கள் உற்றுக் கவனிக்கும் நிறுவனங்களும் பெண்களை நியமிப்பது, கூடுதலாக வெளியிடுவது இரண்டையுமே செய்யும், அதனால் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கடினம். தவிர, இந்த ஆய்வுகள் பலவும் எவ்வளவு வெளியிட்டார்கள் என்பதைத்தான் அளக்கின்றன. வெளியிட்டது நேர்மையானதா என்பது வேறு கேள்வி, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பன்முகத்தன்மை வேலை செய்வது கேள்விகள் வழியாக. எல்லோரும் ஒரே துறையில், ஒரே மாதிரிப் பதவிகளில் வளர்ந்தவர்கள் என்றால், ஒப்பந்தத் தொழிலாளர்களின் விபத்துகள் கணக்கில் வராமல் இருப்பது அவர்கள் கண்ணுக்கே படாது, ஏனென்றால் அவர்கள் பார்த்த இடமெல்லாம் அப்படித்தான். தொழிலாளர் பாதுகாப்பிலோ நீர் மேலாண்மையிலோ வேலை பார்த்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், "இந்த எண் போன வருஷத்தைவிடக் குறைந்தது எப்படி, நிஜமாகவே குறைந்ததா, இல்லை அளக்கும் முறையை மாற்றினீர்களா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே கீழே இருப்பவர்கள் தரவை ஒழுங்காகத் திரட்டுவார்கள். ஆக, பாலினம் மட்டுமல்ல, அனுபவமும் வயதும் பின்னணியும் சேர்ந்ததுதான் இது.

ஒருவர் மட்டும் இருந்தால்? சிறுபான்மையாக இருப்பவர் தனி மனிதராகப் பார்க்கப்படாமல் தன் பிரிவின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறார் என்று சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் காண்டர் 1977-லேயே விளக்கினார். மூன்று பெண்களாவது இருந்தால்தான் போர்டின் பேச்சே மாறுகிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். நார்வே 2003-ல் சட்டம் போட்டபோது ஒரு நாற்காலியோடு நிற்காமல் 40 சதவீதம் என்று வைத்தது. உங்கள் எட்டில் ஒன்று 12.5 சதவீதம்தான்.

அதற்காகப் புதியவரின் வருகை வீண் என்று சொல்லவில்லை. அவர் போர்டின் எந்த உட்குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். தணிக்கைக் குழுவிலோ நிலைத்தன்மைக் குழுவிலோ இல்லாதவருக்கு அறிக்கை கடைசி நாளில் ஒப்புதலுக்கு மட்டுமே வரும், அப்போது அவர் என்ன கேட்டும் பயனில்லை. எவற்றை முக்கிய விஷயங்களாக எடுப்பது என்று தீர்மானிக்கும் கட்டத்திலேயே வரைவை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்புங்கள், அவர்கள் கேட்பதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

சரி, அறிக்கையில் என்ன எழுதுவது? நிலைத்தன்மை அறிக்கைக்கான சர்வதேச தரநிலையான ஜிஆர்ஐ-யைப் (GRI) பின்பற்றினால் அதன் 405-1 என்ற பிரிவின் கீழ் போர்டின் பாலின, வயது விகிதம், 2-9-ன் கீழ் குழுக்களின் அமைப்பும் இயக்குநர்களின் திறன்களும் வரும். பலர் ஒரே வரியில் கடந்துவிடுவது 2-14: அறிக்கையைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் பொறுப்பு போர்டுக்கு இருக்கிறதா, இருந்தால் எப்படிச் செய்தது என்பது. முதலீட்டாளர்களுக்கான நிலைத்தன்மைத் தகவல்களை வரையறுக்கும் ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1 (IFRS S1) தரநிலையும் நிலைத்தன்மை அபாயங்களை மேற்பார்வையிடத் தேவையான திறன் போர்டில் இருப்பதை எப்படி உறுதிசெய்கிறீர்கள் என்று கேட்கிறது. முன்னுரைக்குப் போகவேண்டிய உழைப்பை இந்த இடங்களில் போடுங்கள்.

தலைவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இந்த ஆண்டு நியமனத்தை மட்டும் சொல்வோம், போர்டு கேட்ட கேள்வியால் ஏதாவது ஒரு எண்ணோ இலக்கோ திருத்தப்பட்டிருந்தால், அது நமக்குச் சங்கடமாக இருந்தாலும், அடுத்த ஆண்டு அதை எழுதுவோம்.