மருந்துக்குத் தப்புன ஃப்ளூ வைரஸ் நோஞ்சானா?

அண்ணே வணக்கம். போன வாரம் எனக்கு ஃப்ளூ, ராம்நாட்ல டாக்டர் அஞ்சு நாளைக்கு டாமிஃப்ளூ எழுதிக் குடுத்தாரு. மூணாம் நாளே காய்ச்சல் விட்டுருச்சு, நிறுத்திட்டேன். பாதியில விட்டா வைரஸ் மருந்துக்கு மசியாம மாறிரும்னு அக்கா திட்டுது. மாறுனாலும் அது நோஞ்சான்தான், பரவாதுன்னு நான் படிச்சேன். யாரு சொல்றது சரி? மிச்ச மாத்திரைய அக்கா மகனுக்குக் குடுக்கலாமா, அவனுக்கும் இருமல்.
- வாசகர், தொண்டி

தம்பி, நீங்க படிச்சது 2007 வரைக்கும் பெரிய ஆளுங்களே நம்புனதுதான். வைரஸ் நம்ம செல்லுல பெருகி வெளிய வர்றப்ப அங்க இருக்குற சியாலிக் ஆசிட்ங்கிற ஒரு வகைச் சர்க்கரைல ஒட்டிக்கும், அத வெட்டி விடுறது நியூராமினிடேஸ்னு ஒரு என்சைம், டாமிஃப்ளூ அந்த என்சைம் வேலை செய்யுற எடத்துலயே போய் அடைச்சுக்கும். அந்த என்சைம் அமினோ அமிலங்க கோர்த்த ஒரு சங்கிலி, அதுல 275வது எடத்துல ஹிஸ்டிடின்ங்கிற அமிலம் போய் டைரோசின்ங்கிற அமிலம் வந்துட்டா மருந்து சரியா உக்காராது. ஆனா அந்த மாத்தத்தால என்சைம் செல்லு மேல வந்து சேர்றதே கொறைஞ்சிரும். ஃபெரட்டுங்கள்ல (கீரி மாதிரி இருக்குற ஆய்வக விலங்கு) பழைய வைரஸை வச்சுப் பாத்தப்ப அது தடுமாறத்தான் செஞ்சுச்சு, நங்கூரத்தை இழுத்துக்கிட்டே ஓடுற வள்ளம் மாதிரி.

அப்புறம் 2008 ஜனவரியில நார்வேல இருந்து ஒரு சேதி வருது. அங்க பரவுன எச்1என்1ங்கிற ஃப்ளூ ரகத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு இந்த மாத்தத்தோடதான் இருக்கு, இத்தனைக்கும் அந்த ஊர்ல டாமிஃப்ளூ போடுறவங்களே கம்மி! அடுத்த சீசன்ல உலகம் பூரா அந்த ரகம் கிட்டத்தட்ட முழுக்க அப்படியே ஆயிருச்சு. மருந்தே இல்லாத எடத்துல மத்ததை எல்லாம் முந்துதுன்னா அத நோஞ்சான்னு எப்படிச் சொல்றது?

காரணத்தை 2010ல ஜெஸ்ஸி புளூம், டேவிட் பால்டிமோர்ங்கிற அமெரிக்க விஞ்ஞானிங்க குழு காட்டுனாங்க. 222, 234 இந்த ரெண்டு எடத்துலயும் முன்னாடியே வந்த வேற மாத்தங்க என்சைமை செல்லு மேல கூடுதலா கொண்டு வந்துருச்சாம். பெரிய இன்ஜின் ஏத்துன வள்ளத்துக்கு நங்கூரம் ஒரு பாரமா?

இதுல வேடிக்கை என்னன்னா அந்த ரகத்தை ஒழிச்சது எந்த மருந்தும் இல்ல, 2009ல வந்த பன்றிக்காய்ச்சல் வைரஸ்தான் அத ஓரங்கட்டிருச்சு. அந்தப் புது வைரஸ் பெரும்பாலும் டாமிஃப்ளூக்கு அடங்குது, ஆனா 2011ல ஆஸ்திரேலியாவுல நியூகேசில் பக்கம் 275 மாத்தத்தோட பல பேருக்குப் பரவத்தான் செஞ்சுச்சு.

அதனால அக்கா பேச்சுல விசயம் இருக்கு. மருந்து சாப்பிடுறப்பவே இந்த மாத்தம் வர்றது அதிகமா சின்னப் புள்ளைங்ககிட்டயும் எதிர்ப்பு சக்தி கொறைஞ்சவங்ககிட்டயும்தான், ஏன்னா அவங்க ஒடம்புல வைரஸ் ரொம்ப நாள் தங்கும். நீங்க நிறுத்துனதுக்கு ஊரே படுத்துராது, ஆனா அடுத்த தடவ அஞ்சு நாளையும் முடிங்க.

மிச்சத்தைப் பையனுக்குக் குடுக்காதீங்க. புள்ளைங்களுக்கு எடை பாத்துதான் டோஸ், அவன் இருமல் ஃப்ளூதானான்னே இன்னும் தெரியாது. ஃப்ளூவா இருந்தா மொத ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் மருந்து நல்லாக் கேக்கும், இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க.