புரொப்பல்லரில் கொட்டலசு: எதை வாங்குவது?

கேள்வி: தூத்துக்குடியில் மர விசைப்படகு வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கிளம்பினால் எஞ்சின் திணறுகிறது. இறங்கிப் பார்த்தால் வெண்கலப் புரொப்பல்லர் முழுக்கக் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் சிற்றுயிர்). அடிப்பலகைக்கு அடிக்கும் பாசித்தடுப்பு பெயின்டையே இதற்கும் அடிக்கச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் சிலிக்கான் பூச்சு என்கிறார். மூன்றாமவர் மீயொலிக் கருவி விற்கிறார். எதை நம்புவது?

பதில்: மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடுங்கள். அந்தக் கருவி படகின் உட்புறத்தில் ஒட்டி, அதிர்வைத் தண்ணீருக்குக் கடத்துவது. உலோகத்திலும் கெட்டியான ஃபைபரிலும் அதிர்வு கடக்கும். மரம் அதை விழுங்கிவிடும். தவிர, எஞ்சின் ஓடாத தடைக்காலத்தின் 61 நாளும் பேட்டரிக்கு யார் சார்ஜ் போடுவது?

அடிப்பலகை பெயின்ட் சுழலும் இறக்கையில் நிற்காது. கிளம்பிய சில நாளிலேயே நீரின் வேகம் அதை உரித்துவிடும்.

வெண்கலத்தில் செம்பு இருக்கிறது, செம்பு கொட்டலசுக்கு நஞ்சு, பிறகு எப்படி ஒட்டுகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஷாஃப்டில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிதான் காரணம். வெண்கலம் அரிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. வெண்கலம் கரையாததால் செம்பு நீருக்குள் வருவதில்லை. கொட்டலசுக் குஞ்சு நிம்மதியாகக் குடியேறிவிடுகிறது. அதற்காகக் கட்டியைக் கழற்றிவிடாதீர்கள், புரொப்பல்லரே அரித்துப் போகும். கட்டியின் மேல் எந்தப் பூச்சும் படக்கூடாது.

சிலிக்கான் பூச்சு நல்ல பொருள்தான். அதில் நஞ்சு கிடையாது; வழுக்கல்தான் அதன் வேலை. ஒட்டியது பிடிமானம் இல்லாமல் இறக்கை சுழலும்போது உதிரும். ஆனால் படகு சும்மா நிற்கும்போது அதன்மேலும் வளரும். மணலும் அறுந்த வலைக் கயிறும் உரசினால் கிழிந்தும் போகும். மணலிலும் வலையிலும் உரசாமல் அடிக்கடி ஓடும் உல்லாசப் படகுக்கு அது ஏற்றது. இழுவலைப் படகுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறீர்கள் என்றால் கவலையே இல்லை, காற்றில் கொட்டலசு வளராது. நீரிலேயே நிறுத்துகிறீர்கள் என்றால் கறுப்புப் பிளாஸ்டிக் பையால் புரொப்பல்லரை மூடி, ஷாஃப்டோடு இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே நீரோட்டமும் ஆக்சிஜனும் குறைவதால் குஞ்சுகள் பிழைப்பது அரிது. எஞ்சின் சாவியில் ஒரு சீட்டும் கட்டிவையுங்கள்: பையோடு கியர் போட்டவர்கள் உண்டு.

எதைப் பூசினாலும், சுரண்டியபின் மிஞ்சும் வெள்ளை வட்டத் தழும்பை நகத்தால் தடவிப் பாருங்கள். அது தட்டுப்பட்டால் மேலே அடித்த பூச்சு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். முரட்டு உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, கரைப்பானால் துடைத்தபின் கைவிரல் படக்கூடாது. முதல் பூச்சின் ஈரம் முழுதும் காய்வதற்குள் மேல்பூச்சு போட வேண்டிய வகைகளில், டப்பாவில் எழுதிய நேரத்தைத் தாண்டினால் பணம் வீண்.

கேள்வி: அலுமினிய அவுட்போர்டுக்கு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) செம்புப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: கூடாது. கடல்நீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் குழிகுழியாக அரித்துவிடும். டப்பாவில் 'அலுமினியத்துக்கு ஏற்றது' என்று தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். அவுட்போர்டைப் பயன்படுத்தாதபோது மேலே தூக்கி வைத்தால் அதுவும் தேவைப்படாது.

கேள்வி: ஓராண்டு உத்தரவாதம் என்று வாங்கிய பூச்சு ஒரே மாதத்தில் உரிந்தது. 'தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது' என்கிறார் கடைக்காரர்.

பதில்: பாதி உண்மையைச் சொல்கிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். நீங்களே கடலுக்குப் போகும் ஒற்றைப் படகுக்காரர் என்றால் அந்தப் பட்டியலில் வருவீர்கள்; பல படகுகளை ஆள் வைத்து ஓட்டுபவர் என்றால் வாதாடுவது கடினம். பில், டப்பாவின் தயாரிப்புத் தேதி, உரிந்த இறக்கையின் படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். சுரண்டிச் சுத்தம் செய்த வேலையைக் கடைக்காரரின் ஆள் செய்தாரா, நீங்கள் செய்தீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக வரும். எனவே அதற்கும் தனி பில் வாங்குங்கள்.