பைலட் தாத்தாவின் கடிதங்கள்: வெட்டிய ஊர்ப்பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் தத்தமங்கலம் எங்கள் ஊர். தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப்போர் சமயத்தில் விமானப்படைக்குப் பைலட் பயிற்சிக்குப் போனவர். அவர் தன் அம்மாவுக்கு எழுதிய 23 கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன. எதிலும் ஊர்ப்பெயர் இல்லை, இரண்டில் பிளேடால் வெட்டிய ஓட்டை. எங்கெங்கே இருந்தார் என்று தெரிந்துகொள்ள முடியுமா? லேமினேட் செய்துவிடலாமா? பிள்ளைகள் மலையாள மீடியம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள்.

பதில்: லேமினேஷன் கடைக்குப் போய்விடாதீர்கள். என் பாட்டனாரின் பாகப்பத்திரத்தை நானே அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சூட்டில் ஓரங்கள் பழுத்து, இன்று உரிக்கவும் முடியாமல் கிடக்கிறது. செல்லோடேப்பும் அதே ரகம்தான், பசை காகிதத்துக்குள் இறங்கிக் கறையாகிவிடும்.

முதலில் பெட்டியில் இருக்கிற வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பக்கமும், கவரோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். கவரையும் கடிதத்தையும் பிரிக்கவே கூடாது. ஸ்டாம்புக்காகக் கவரை மட்டும் கேட்டு யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென்று இழுக்காமல், காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்தி எடுங்கள். அப்புறம் அமிலமில்லாத காகித உறைகளில் போட்டு, பரணில் இல்லாமல் நீங்கள் தினமும் திறக்கும் அலமாரியில் வையுங்கள்.

இனி ஊர் விஷயம். எல்லோரும் முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். நான் கடிதத்தைத்தான் முதலில் படிப்பேன். பயிற்சிக்கு ஒரு படிக்கட்டு உண்டு, எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்தால் ஊர் பெரும்பாலும் தானாக வந்துவிடும். இந்தியாவிலேயே பயின்றவர்களுக்கு ஆரம்ப வகுப்பு லாகூர் பக்கம் வால்டனில், பின்னால் பூனாவில். அடுத்து டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்தில் பறக்கப் பழகுவது, ஹைதராபாத் பேகம்பேட்டையிலோ ஜோத்பூரிலோ. அதில் தேறினால் அம்பாலாவில் ஹார்வர்ட் என்ற அடுத்த கட்டப் பயிற்சி விமானம்.

நீங்கள் அனுப்பிய முதல் படத்தைப் பாருங்கள். ‘இவ்விடம் நான் க்ஷேமம்’ என்று ஆரம்பித்து, ‘பாறைமேல் பாறையை யாரோ அடுக்கி வைத்ததுபோல் இருக்கிறது, பனை மட்டும் நம்மூர்ப் பனையேதான்’ என்கிறார். ஜோத்பூரில் அவருக்கு உங்கள் சித்தூர் தாலுகாப் பனை ஏது? அடுக்குப் பாறையும் பனையும் சேர்ந்தால் ஹைதராபாத்தான். கீழேயே, ‘வாத்தியார் முன்னால் உட்கார்ந்து குழாய் வழியாகக் காதுக்குள் திட்டுகிறார்’. டைகர் மாத்தில் பயிற்சியாளர் முன்சீட், மாணவன் பின்சீட், இருவருக்கும் நடுவே பேச ஒரு குழாய். ஆகவே பேகம்பேட்டை என்று பென்சிலில் குறித்துக்கொள்ளலாம். கவரில் செகந்திராபாத் முத்திரை இருந்தால் இன்னும் உறுதி.

இரண்டாவது படத்தில் ‘வாத்தியார் இப்போது எனக்குப் பின்னால் போய்விட்டார், சக்கரம் வயிற்றுக்குள் மடங்கிக்கொள்கிறது’ என்று இருக்கிறது. வாத்தியாருக்கு என்ன ஆயிற்றோ என்று அந்த அம்மா கவலைப்பட்டிருப்பார்! ஹார்வர்டில் மாணவன் முன்சீட்டுக்கு வருவான், சக்கரமும் உள்ளே மடங்கும். கம்பளி போதவில்லை என்ற தை மாதப் புலம்பலையும் சேர்த்தால் அம்பாலா.

பிளேடு ஓட்டைக்கு வருவோம். போர்க்காலத்தில் கடிதங்களைப் படித்து ரகசியங்களை நீக்கிய சென்சார் அதிகாரி வெட்டியது ஒரு பக்கத்தைத்தான். பின்பக்கத்து வார்த்தைகள் பாவம், கூடவே போனவை. உங்கள் கடிதத்தில் ஒரு பக்கம் ‘நாளை காலை எங்களை’ என்றதோடு அறுந்திருக்கிறது, மறுபக்கம் மாடு கன்று போட்டதா என்ற விசாரிப்பு. எதற்காக வெட்டினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுப் பக்கத்து ஓட்டையில் ரகசியம் தேடாதீர்கள்.

தேதி ‘சுபானு வருஷம் ஆவணி’ என்று இருந்தால் 1943 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. அடுத்த வருஷமான தாரண 1944 சித்திரையில் பிறக்கிறது. மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் 1119 சிங்ஙம் (நம் ஆவணி) அதே 1943 ஆகஸ்ட். உங்கள் சித்தூர் தாலுகா அன்று கொச்சி சமஸ்தானம் என்பதையும் மறக்காதீர்கள். சமஸ்தானத்தின் சொந்தத் தபாலான கொச்சி அஞ்சலின் ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஏதாவது கடிதக் கட்டுக்குள் கலந்திருந்தால் தனியே வையுங்கள், அது உள்ளூர்க் கடிதம். வெளியிலிருந்து வந்ததெல்லாம் பிரிட்டிஷ் இந்தியத் தபால் வழியாகத்தான். சமஸ்தானத்தின் அஞ்சல் 1951-ல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது.

எழுத்து பழையது, ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை போட்டு வரும். பெரியவர் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு மலையாள எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும், தப்பில்லை.

பயிற்சி முடித்து அதிகாரி ஆனாரா என்று பார்க்க, பாரத் ரக்‌ஷக் இணையதளத்தில் விமானப்படை அதிகாரிகளின் பட்டியல் இருக்கிறது. இனிஷியலை மாற்றி மாற்றித் தேடுங்கள், நம் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படியெல்லாமோ எழுதியிருப்பார்கள். பாதியில் நிறுத்தப்பட்டவர் அதில் வரமாட்டார். 1947 முடிவதற்குள் பணியில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. பெட்டியின் அடியில் மணியார்டர் கூப்பன் ஏதாவது ஒட்டிக் கிடக்கிறதா? வீட்டுக்குப் பணம் அனுப்பியிருந்தால் அந்தத் துண்டில் இரண்டு வரி எழுதியிருப்பார், பணம் கட்டிய ஆபீஸின் முத்திரையும் இருக்கக்கூடும். கிடைத்தால் அதைப் படம் எடுத்து முதலில் அனுப்புங்கள்.