ஞானஸ்நானத்துக்குப் பிறகும் அதே கோபம் வருகிறதே?

ஞானஸ்நானம் எடுத்த பிறகும் வீட்டில் கத்திவிடுகிறீர்கள் என்பதால் உங்கள் மனந்திரும்புதல் பொய் என்று ஆகிவிடாது. வெறுக்கிறதையே செய்கிறேன் என்று அப்போஸ்தலன் பவுலே வேதாகமத்தில் ரோமர் நிருபம் 7-ம் அதிகாரத்தில் புலம்புகிறார். அடுத்த அதிகாரம் 'ஆக்கினைத்தீர்ப்பில்லை' (தண்டனைத் தீர்ப்பு இல்லை) என்றுதான் தொடங்குகிறது.

ஜெயத்தை உங்கள் மன உறுதியில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ரோமர் 6:14 அதைக் கிருபையின் மேல் வைக்கிறது.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். கத்திவிட்டால் இரவு ஜெபம் வரை காத்திருக்காமல் அந்த இடத்திலேயே தேவனிடம் அறிக்கையிடுங்கள். அப்புறம் யாரிடம் கத்தினீர்களோ அவரிடமே போய் மன்னிப்புக் கேளுங்கள். கதவு வரை போய்த் திரும்பிவிடத் தோன்றும். திரும்பாதீர்கள். தீமையை நன்மையால் வெல்வது (ரோமர் 12:21) நடைமுறையில் இதுதான்.

ஆனால் கை ஓங்கும் அளவுக்குப் போகிறதென்றால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். போதகரிடமும் மனநல ஆலோசகரிடமும் உடனே பேசுங்கள்.